மேல்மாடியின் ஒற்றைக் கோடு

டிக்கெட் இல்லாதவனைக் கண்டால், ஓய்வு பெற்ற பிறகும் கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் சிக்னல் இல்லையென்று போன் கம்பெனி தந்த, வீட்டு இன்டர்நெட்டில் ஓடும் குட்டி டவர் பெட்டியைக் கூரையோரம் மாட்டியதும், அவர் செய்த முதல் காரியம் கம்பெனியில் சொல்லி மற்றவர்கள் போனுக்கு அதன் வாசலை அடைத்ததுதான். தான், மனைவி, மகள். வேறு ஈ எறும்பு நுழைய முடியாது.

"ஊரெல்லாம் பேச எங்க வீட்டு இன்டர்நெட்டா?" என்றார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறு வாரம் மாடிப்படி உச்சியிலிருந்து தையல்காரம்மா கூப்பிட்டாள். கணுக்கால் முறிந்து, மாவுக்கட்டோடு மேல்வீட்டிலேயே அடைந்து கிடப்பவள்.

"அண்ணே, ஜன்னல்கிட்ட ஒரு கோடாவது சிக்னல் வரும். இப்ப அதுவும் இல்ல. உங்க பெட்டியால இருக்குமோ?"

"அது எங்க போனுக்கு மட்டும்தாம்மா. உங்க போன் பக்கமே வராது."

"சண்டை போட்டுட்டுப் போன பையன் எப்பவாவது கூப்பிடுவான். அதான் கேட்டேன்."

அவள் நொண்டிக்கொண்டு உள்ளே போனாள். அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. நியாயத்தைத்தானே சொன்னோம், பிறகு ஏன் மனசு அறுக்கிறது என்று தன்மேலேயே எரிச்சல். மறுநாள் கம்பெனிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அவங்களும் நம்ம கம்பெனி நம்பர்தானா சார்?" என்று கேட்டாள் பேசிய பெண். "அப்ப உங்க பெட்டியாலதான். அது அவங்களுக்கு ரொம்பப் பக்கம். அது போடுற சத்தத்துல வெளி டவர் அவங்க போனுக்குக் கேக்காது. இதுவும் உள்ள விடாது."

"அப்ப நான் என் பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்தி, அவங்க பஸ்ஸையும் வரவிடாம பண்ணிட்டேனா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "எல்லாரையும் உள்ள விட்டுட்டு, உங்க வீட்டுக்கு மட்டும் முதலிடம் குடுக்கலாம் சார். மாத்திடவா?"

"மாத்தும்மா."

மாறிவிட்டது என்று அவள் சொன்னதும் மூச்சிரைக்க மாடியேறினார். தையல்காரம்மாவின் போன் மிஷின்மேல் கிடந்தது. இவர் வாயைத் திறப்பதற்குள் அது அதிர ஆரம்பித்தது. தவறிய அழைப்புகளின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் ஒரே எண். அவள் திருப்பி அழைத்தாள்.

"எடுக்கவே மாட்டேங்கறியேம்மா," என்றது போன். "இன்னும் கோவமா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்டக்டர் போனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, அம்மா மேல தப்பில்ல. கீழ்வீட்டுக்காரன் நான்தான் வழிய மறிச்சு வச்சிருந்தேன். லைன்லயே இரு. அழுது முடிச்சிட்டுப் பேசுவாங்க."