பதினோராம் பக்கத்துச் சாவு

சிகாகோ வானொலியின் திகில் நாடகத்துக்குச் வேண்டிய சத்தங்களை உண்டாக்குவது என் வேலை. தலை வெட்டுக்கு முட்டைக்கோஸ், ஆள் விழுவதற்கு உருளைக்கிழங்கு மூட்டை. நடிகர்கள் விழக்கூடாது. விழுந்தாலும் கேட்காது, தரையெல்லாம் கம்பளம்.

வசனத் தாளின் பதினோராம் பக்கத்தில் சாக வேண்டிய நடிகர் ஆர்வில், நேரடி ஒலிபரப்பின் நடுவே, ஒன்பதாம் பக்கத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எழுதிக் கொடுத்த இடத்தில் எதையும் செய்த ஆள் இல்லை அவர். கண்ணாடிக்கு அப்பால் இருந்த இயக்குநர், நிறுத்தாதே என்று கை காட்டினார். ஆர்விலைத் தூக்கிப் போனார்கள். அவர் வசனத்தை இன்னொருவர் அவர் குரலிலேயே பேசி முடித்தார். பதினோராம் பக்கம் வந்தது, மூட்டையைப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஆர்விலின் உயிர் போய்விட்டது.

மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி லோரெட்டா ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். என்னமா விழுந்தாரு! ரொம்ப வலிச்சிருக்கும், இல்ல?"

"அது அவரு இல்லைங்க. என் உருளைக்கிழங்கு மூட்டை."

"அப்ப அவரு விழுந்த சத்தம்?"

"கேக்கவே இல்லைங்க."

லோரெட்டா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"இருபது வருஷம் ரேடியோவுல நடிச்ச மனுஷன். சத்தமே இல்லாம போனாருன்னு வெளிய சொன்னா நல்லாவா இருக்கும்? மூட்டையே இருக்கட்டும்."