கேள்வி கேட்காத தேர்வு

நாற்பத்து மூன்று வயதில் தன்னை ஆய்வு மாணவி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒன்பது வருடமாக ஒரே ஆய்வேடு: தேவதைக் கதைகள் கார்ட்டூன் படமாகும்போது என்ன ஆகின்றன? மடியில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்கிய மகள் இப்போது அம்மாவைவிட உயரம். பதிவுக் காலம் இன்றோடு முடிகிறது. வாய்மொழித் தேர்வு முடிந்து படிவம் ஒன்றரை மணிக்குள் அலுவலகம் போய்விட்டால் டாக்டர் பட்டம், கல்லூரியில் நிரந்தர வேலை. இல்லையென்றால் ஒன்பது வருடமும் அம்போ.

பத்து மணிக்கு மேசைக்கு முன்னால் போய் நின்றாள். எதிரே இரண்டு பேர். ஒருவர் அவளுடைய நெறியாளர். வணக்கம் சொன்னாலும் நாலு நூலைச் சான்று காட்டுவார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அடிக்குறிப்பு. மற்றவர் வெளியூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர் அம்மா. இருவருக்கும் இருபது வருடமாக ஏழாம் பொருத்தம். ஓரத்தில் எழுத்தர், கேள்வி பதில் என்று கட்டம் போட்ட படிவத்தோடு.

"பழைய கதைக்குப் பல்லு இருந்துச்சு. கார்ட்டூன்காரங்க பிடுங்கிட்டாங்க," என்று ஆரம்பித்தார் அடிக்குறிப்பு.

"அந்தக் கதைங்களைத் தொகுத்தவங்களே பாதியைப் பிடுங்கிட்டுத்தான் சார் அச்சுக்குக் குடுத்தாங்க. படம் வந்துதான் அதுக்கு உயிர் வந்துச்சு," என்றார் புறத்தேர்வாளர்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஓநாயின் வயிறு, ராணியின் கண்ணாடி, தொலைந்த செருப்பு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அவர் மேசையைத் தட்டினார். அந்த அம்மா எழுந்து பலகையில் படமே போட்டார். அவள் இரண்டு முறை வாய் திறந்தாள். இரண்டு முறையும் "ஒரு நிமிஷம்மா" என்று அடக்கிவிட்டார்கள். கால் மரத்துப்போனது.

பன்னிரண்டரைக்கு, "ரொம்ப திருப்தி," என்று சொல்லிவிட்டு இருவரும் கல்யாண விருந்து சாப்பிட்டவர்கள் மாதிரி மலர்ந்த முகத்தோடு டீ குடிக்கப் போனார்கள்.

எழுத்தர் படிவத்தை நீட்டினார். "மூணு கேள்வி, மூணு பதில் இருக்கணும்மா. இங்க ஒண்ணுகூட இல்ல. நீங்களே எழுதிடுங்க, யாரு பாக்கப்போறா? எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

பேனாவை வாங்கினாள். கேள்வி ஒன்று என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. யாராவது ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்று இத்தனை வருடம் காத்திருந்துவிட்டு, கடைசியில் தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொள்வதா? கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

படிவத்தோடு கேன்டீனுக்குப் போனாள். எழுத்தர் பதறிக்கொண்டு பின்னால் வந்தார்.

"நீங்க என்னை ஒரு கேள்வியும் கேக்கல சார். இப்பக் கேளுங்க," என்றாள்.

அடிக்குறிப்பின் முகம் சுருங்கியது. "பாஸ்னு சொல்லியாச்சேம்மா. இன்னும் யாரும் கையெழுத்துப் போடல, ஞாபகம் இருக்கட்டும். எதுக்கு வம்பு?"

வம்புதான். கையெழுத்து இல்லையென்றால் எல்லாம் போச்சு. இருந்தாலும் அவள் நகரவில்லை.

புறத்தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். "உண்மையைச் சொல்லிடறேன். மூணாவது அத்தியாயத்துல என்னைத் திட்டியிருந்தீங்க. அந்தக் கோபத்துல மூடி வச்சுட்டேன். அஞ்சாவதுல என்ன சொல்றீங்க?"

அந்தத் திட்டை எழுதச் சொன்னதே பக்கத்தில் இருந்த அடிக்குறிப்புதான். அதை விழுங்கிக்கொண்டு பதிலைச் சொன்னாள்.

"முப்பத்தெட்டு படத்தைக் காட்சி காட்சியா நிறுத்திப் பாத்தேன் மேடம். பழைய கதையில அந்தச் செருப்பைத் தொலைச்ச பொண்ணு நாள் முழுக்க வேலை செஞ்சு, அலுத்துப்போய் அடுப்புச் சாம்பல் பக்கத்துலயே படுத்துடுவா. படத்துலயும் வேலை செய்யறா, பாட்டு வேற பாடறா. ஆனா ஒருத்திகூட இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்காரல. அவளுக்கு அசதியா இருக்கும்னு வரைஞ்சவங்க ஒருத்தருக்கும் தோணல."

எழுத்தர் படிவத்தை வாங்கி மளமளவென்று எழுதினார்.

"பாத்தீங்களா! நான் சொன்ன பல்லு இதுதான்," என்றார் அடிக்குறிப்பு.

"அதெப்படி சார்? இது என் கட்சிக்குத்தான்…"

அவள் ஒரு நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். "இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு. உங்க சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க."

அடிக்குறிப்பு ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஐந்தாவது அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து, புதிதாகப் பார்க்கிறவர் போல விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார். ஒன்பது வருடத்தில் அவரும் அதைப் படித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.