பாய்லருக்குக் கைமடி

முனீஸுக்குத் திருப்பூரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆறு கம்ப்யூட்டர்கள்தான் இருந்தன. அதுவும் அர்த்தநாரியின் பிரவுசிங் சென்டரில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும். 2007இல் அருப்புக்கோட்டையிலிருந்து பனியன் கம்பெனிக்குத் தைக்க வந்தவனிடம் முதல் ஆறு மாதம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. அந்தச் சென்டரில் மிருகங்களை மோதவிடும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் உட்கார்ந்த பிறகுதான் "வாங்க முனீஸு" என்று நாலு பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த நன்றியை அவன் ஒருநாளும் மறந்ததில்லை.

அந்த விளையாட்டுக்குத்தான் இப்போது ஆபத்து. காரணம் ஒரே ஒரு மிருகம். அதன் நிஜப் பெயர் யார் வாயிலும் நுழையாததால், சாயப்பட்டறை நினைப்பில் 'பாய்லர்' என்று வைத்துவிட்டார்கள். எதிராளி அடிக்க அடிக்க அதற்குச் சூடு ஏறும். ஏறிய சூட்டில் திருப்பி அடித்தால் எதிரே நிற்பது எதுவானாலும் காலி. அதை உருவாக்கிய புண்ணியவான் எந்த யோசனையில் இருந்தானோ! பல்லடத்துத் தமிழ்செல்வனிடம் அது சிக்கிய நாளிலிருந்து மற்றவர்களுக்குத் தோற்பதே வேலை. அவனோ மரியாதையில் குறை வைக்காதவன். "தோத்துட்டீங்களாட்ட இருக்குதுங்க. இன்னொருக்கா ஆடறீங்களா?" என்பான். அதற்கு நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தாலே தேவலை.

ஆட்கள் குறைந்தார்கள். அர்த்தநாரி ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"வர்ற ஞாயித்துக்கெழமை ஆராச்சும் அதையச் சாய்ச்சுக் காட்டுங்க கண்ணு. இல்லாட்டி கேமையே எடுத்துப்போடுவேன்."

வாரம் முழுக்க முனீஸுக்கு அதே நினைப்பு. பாய்லர் மேல் இருந்த கோபத்தையெல்லாம் ஓவர்லாக் மிஷினில் காட்டினான். சனிக்கிழமை அப்படி ஓட்டியதில் தையல் கோணிக்கொண்டு போனது. கைமடி நதியா பார்த்தாள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து எடுத்துக் கொடுப்பவர்தான் கைமடி. மூன்று வருஷமாக அவளுக்கு அதே வேலை. "எனக்கும் மிஷின் பழக்கிவிடுங்கண்ணே" என்று கேட்கும்போதெல்லாம் "பெறகு பாப்பம்" என்றே அவன் தள்ளிவந்தான். இப்போது அவள் அடுத்த துணியைக் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டாள்.

"குடு, நதியா!"

"குடுத்தாத்தான ஓட்டுவீக? கோவம் ஆறட்டும்ணே. அம்புட்டு நேரமும் சும்மா இருங்க."

முனீஸின் கால் பெடலிலேயே நின்றுவிட்டது. 'பாஸ்' என்று அந்த விளையாட்டில் ஒரு பொத்தான் உண்டு. ஒன்றும் செய்யாமல் தன் முறையைக் கடத்திவிடலாம். ஆனால் அங்கே ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் டெய்லர், கட்டிங் மாஸ்டர், அயர்ன்காரர். துணி எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட்டுக்காரன் எவனாவது கையைச் சும்மா வைத்திருப்பானா? இத்தனை நாளில் ஒருத்தர்கூட அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. பாய்லருக்கு விறகு போட்டதே தாங்கள்தான் என்று அவனுக்குச் சுரீரென்று உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் இறக்கியது, ஓடு கெட்டியான ஓர் ஆமையை.

"ஆமைங்களா?" தமிழ்செல்வன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

முனீஸ் பாஸ் கொடுத்தான். சூடு ஏறாத பாய்லரின் அடி, ஓட்டில் கீறல் மட்டும் போட்டது. மறுபடி பாஸ். "அடிங்க முனீஸு!" என்று பின்னால் கத்தினார்கள். விரல் துறுதுறுத்தது. வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு இடது கையால் பாஸை அழுத்தினான். அடிக்கும் ஒவ்வொரு முறையும் பாய்லர் தன் சொந்தச் சூட்டையே செலவழித்தது. எட்டாவது முறை அதன் சிவப்பு வெளுத்து, கை தூக்க முடியாமல் நின்றது. ஆமை மெல்லப் போய் ஒரே ஒரு கடி கடித்தது. பாய்லர் சாய்ந்தது.

சென்டரே அதிர்ந்தது. தமிழ்செல்வன் எழுந்து வந்து கை கொடுத்தான்.

"ரொம்ப நன்றிங்க முனீஸு. நீங்கெல்லாம் வராமப் போயிருவீங்களோன்னு பயந்துட்டே இருந்தனுங்க."

அர்த்தநாரி எல்லாருக்கும் டீ சொன்னார். கேமை எடுப்பதைப் பற்றி அதன்பின் அவர் மூச்சு விடவில்லை. முனீஸுக்குக் கண் கலங்கியது. ஆனால் அந்த நன்றி போய்ச் சேரவேண்டிய ஆள் அங்கே இல்லை.

திங்கள்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நதியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஒண்ணுமே செய்யாமலா ஜெயிச்சீக?" என்று சிரித்தாள்.

அவன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். "உக்காரு."

அவள் நம்பாமல் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பெடலில் கால் வைத்தாள். மூன்று வருஷமாக அவள் நின்ற இடத்தில் முனீஸ் நின்றான், கையில் வேஸ்ட் துணியோடு, அதை எப்படி மடிப்பது என்று தெரியாமல்.

"குடுங்கண்ணே," என்றாள் நதியா. "குடுத்தாத்தான ஓட்டுவேன்?"