பெரிய திரை லேப்டாப்

தங்கையனின் மூன்று விரல்களை வாய்க்கால் வரப்பிலிருந்து பொறுக்கியவள் நான்தான். வெட்டியவர் என் வீட்டுக்காரர் அய்யாவு. அறுபத்தெட்டு வயதில் அரிவாளை ஓங்க அவருக்குத் தெம்பு இருந்தது, குனிந்து பார்க்கத்தான் இல்லை. ஈரத்துண்டில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விரல்கள் ஒட்டவில்லை.

எல்லாம் குறுவை நாற்றங்காலால் வந்தது. குத்தாலத்தில் ஒரு கல்யாணத்துக்கு நானும் இவரும் போயிருந்த மத்தியானம், யாரோ அதில் களைக்கொல்லியை அடித்துவிட்டார்கள். நாற்று மொத்தமும் பழுத்துக் கருகியது. மோட்டார் கொட்டகையில் மாட்டியிருந்த கேமராவின் மெமரி கார்டை உருவி, இவர் ஃபோனில் போட்டுப் பார்த்தார். உள்ளங்கையளவு திரையில் விரலளவு ஆள். ஒல்லி உடம்பு, தலையையும் முகத்தையும் சேர்த்துக் கட்டிய பச்சைத் துண்டு. "தங்கையன்தான்" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினார். தங்கையன் எங்கள் பங்காளி, பக்கத்து வயல்காரர், தண்ணீர் பாய்ச்சுவதில் எங்களோடு வாய்த்தகராறு உள்ளவர். பச்சைத் துண்டு இந்தப் பக்கத்தில் யார் வீட்டுக் கொடியில் தொங்கவில்லை? கண்புரை விழுந்த மனுஷனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

இவர் ஜாமீனில் வந்ததும் வக்கீல் சொன்னார். "அது தங்கையன்தான்னு தெளிவாத் தெரிஞ்சா, ஆத்திரத்துல வெட்டிட்டாருன்னு தண்டனையைக் குறைச்சுக் கேக்கலாம். வேற பிடி ஒண்ணும் இல்லம்மா." இவர் ஜெயிலில் இருந்த நாளெல்லாம் அந்தக் கார்டு என் சுருக்குப்பையில்தான் இருந்தது. வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட இவர் சம்மதிக்கவில்லை. "என் வீட்டுல வெச்சு முதல்ல நான் பார்க்கணும். இனிமே கேமராவை தினமும் பார்க்கணும்." அதனால்தான் லேப்டாப்.

மயிலாடுதுறையில் பழைய லேப்டாப் விற்கும் கடைக்கு எங்கள் மகன் ராஜ்குமார் காரில் அழைத்துப் போனான். கடைக்காரம்மா ஜஸீலா முதலில் கேட்டது ஒரே கேள்வி. "வீட்டுல நெட் எப்படிம்மா?"

"மோட்டார் கொட்டகை மேல ஏறி நின்னா ஒரு கோடு வரும். காத்தடிச்சா அதுவும் போயிடும்" என்றேன்.

ராஜ்குமார் அதற்குள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பார்க்கப் புதுசு, ஒல்லி, கைக்குட்டையளவு திரை. "இது போதும்மா. விலையும் கம்மி, கிட்ட வெச்சுப் பார்த்துக்கலாம்."

"அதுல எல்லாமே நெட்டுலதாங்க ஓடும்" என்றார் ஜஸீலா. "கார்டு போடற இடமும் இல்ல. வயசானவங்களுக்குத் திரை பெருசா இருக்கணும், எழுத்து பெருசாத் தெரியணும். இதைப் பாருங்க, ஆபீஸ்ல ஓடினது, உள்ள வேகத்துக்கு எஸ்எஸ்டி புதுசாப் போட்டிருக்கேன். பேட்டரியும் புதுசு. நெட்டே இல்லாம வீடியோ பார்க்கலாம். வெயிட்டுதான் ஜாஸ்தி."

கறுப்பாக, தடியாக இருந்தது. மடியில் வாங்கிப் பார்த்தேன், அம்மிக்கல் கனம். ராஜ்குமார் முகம் சுண்டிப்போய், இந்தக் குப்பை எதுக்கு, சின்னதே வாங்கலாம் என்று நச்சரித்தான். இவன் எதற்கு இவ்வளவு துடிக்கிறான் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. தடியனையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, ஜஸீலா சொல்லிக்கொடுத்தபடி நானே கார்டைச் செருகினேன். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார். ராஜ்குமார் வாசற்படியில் நின்றான், உள்ளே வரவில்லை.

திரையில் நாற்றங்கால் பச்சைப் பசேலென்று விரிந்தது. பச்சைத் துண்டுக்காரன் முதுகில் ஸ்பிரேயரோடு வந்தான். "பார்த்தியா? அதே நடை. அவனேதான்" என்று இவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

நான் படத்தை நிறுத்தினேன். ஸ்பிரேயர் தோள்பட்டையில் வாருக்குப் பதிலாக மஞ்சள் துணி. அதில் அரக்குக் கரை. போன வருஷம் வார் அறுந்தபோது, என் பழைய சேலையைக் கிழித்து நாலு மடிப்பாக நான் தைத்துக் கொடுத்தது. எங்கள் வீட்டு ஸ்பிரேயர்.

"இது நம்ம ராஜ்குமார்" என்றேன்.

வாசற்படியிலிருந்து அவனே பேசினான். "நெட் இல்லாம கேமரா ஓடாதுன்னு நெனச்சேன்பா. ஒரு போகம் போச்சுன்னா நிலத்தை விக்க ஒத்துக்குவீங்கன்னுதான்... நீங்க வெட்டுவீங்கன்னு எனக்குத் தெரியுமா?"

"நான் வெட்டறப்போ எங்கடா இருந்த?"

"வரப்புலதான்."

இவர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. கைக்குக் கிடைத்தது லேப்டாப். இரண்டு கையாலும் தூக்கி மகன் நெற்றியில் இறக்கினார். கண்ணாடி உடையும் சத்தத்தோடு எலும்பில் பட்ட சத்தமும் கேட்டது. ராஜ்குமார் சுவரோடு சரிந்தான். கண், மூக்கு, சட்டை எங்கும் ரத்தம். இரண்டாவது அடி தாடையில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கிய கையில் நான் தொங்கினேன். என்னையும் சேர்த்து உதறினார், என் தலை கதவில் மோதியது. பிறகு அவர் கை தானாகவே ஓய்ந்தது. வாசலில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. தங்கையனை வெட்டிய அன்றைக்கு அந்தக் கண்ணீர் எங்கே போயிற்று என்றுதான் வயிறு எரிந்தது.

ஆட்டோவை வரவழைத்து ராஜ்குமாரை ஏற்றி, சத்தம் கேட்டு ஓடிவந்த அவன் பெண்டாட்டியைத் துணைக்கு அனுப்பினேன். பிள்ளையோடு நான் போகவில்லை. உடைந்த லேப்டாப்பிலிருந்து கார்டை உருவிக்கொண்டு புறப்பட்டேன்.

"எங்கடி போற? அது போச்சுன்னா கேஸுல எனக்குப் பிடியே இல்ல" என்றார் இவர்.

"உங்களுக்கு எப்பவுமே இருந்ததில்ல" என்றேன்.

தங்கையன் தன் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

"இதுல இருக்கறது நீங்க இல்ல தம்பி. என் பிள்ளை. போலீஸ்ல குடுங்க" என்று கார்டை நீட்டினேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், பழக்கத்தில் வலது கையை நீட்டினார். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்த அந்தக் கையில் கார்டை வைத்தேன். நிற்கவில்லை, நழுவி மண்ணில் விழுந்தது. அவர் அசையவில்லை.

அன்றைக்கு மாதிரியே நான்தான் குனிந்து பொறுக்கினேன்.