அதே ஷேடு, பாதி விலை

கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் பெட்டிகள் அடுக்கிய மேசையின் ஓரத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், அவள் போனில் இரண்டு பக்கங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று அவள் வருடக்கணக்காக வாங்கும் கடையின் பக்கம். கம்பெனியே நேரடியாகச் சரக்கு கொடுக்கும் கடை அது. முகத்தில் பூசி மறைக்கும் கன்சீலர் டப்பாவின் படம், ஷேடு எண், காலாவதித் தேதி, சீல் உடைந்திருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்ற உறுதி என்று எல்லாமே ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருக்கும். விலையும் ஆஸ்பத்திரி மாதிரியேதான் இருக்கும். இந்தத் தடவை இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. மற்றது அண்ணி அனுப்பிவைத்த தள்ளுபடித் தளம். கடைகளில் தேங்கிப்போனது, பெட்டி நசுங்கியது, யாரோ வாங்கி வேண்டாமென்று திருப்பியது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து விற்கிறவர்கள். அதே டப்பா, அதே ஷேடு, பாதி விலை.

"அதே சாமான்தான்" என்று அண்ணி அடித்துச் சொல்லியிருந்தாள். "பெட்டி கொஞ்சம் நசுங்கியிருக்கும். பெட்டியையா மூஞ்சில பூசப் போற? நான் லிப்ஸ்டிக்ல இருந்து ஷாம்பு வரைக்கும் அங்கதான் வாங்கறேன். எனக்கு என்ன கெட்டுப்போச்சு இப்ப?"

அண்ணிக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லைதான். ஆனால் அண்ணி அழகுக்குப் பூசுகிறவள். இவள் மறைக்கப் பூசுகிறவள். இடது கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் இவளுக்கு வெள்ளைத் திட்டுகள் இருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தபோது, வாயோரத்தில் சுண்டுவிரல் நுனியளவு தெரிந்ததுதான் ஆரம்பம். ஒருநாள் துணி வாங்க வந்த ஒரு பெண், மீதிச் சில்லறைக்கு நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "அங்கயே வச்சிடும்மா, எடுத்துக்கறேன்" என்றாள். குரலில் கோபமில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த மரியாதைதான் இவளைக் கொன்றது. அடுத்த வாரமே வேலையை விட்டாள். அதற்குப் பிறகு கன்சீலர் பூசாமல் தெருவில் கால் வைத்ததில்லை. கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோதும் பூசிய முகத்தோடுதான் சேர்ந்தாள். முதலாளிக்கோ, பட்டறையில் லென்ஸ் தேய்க்கும், எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிடும் அண்ணனுக்கோ இவளுடைய சொந்த முகம் தெரியாது.

விதி எப்படியெல்லாம் வேடிக்கை பார்க்கிறது பாருங்கள். வந்து சேர்ந்த வேலையோ அடுத்தவர் முகத்துக்கு அரை முழ தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுபோகிற வேலை. ஃபிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் வளைவு சரியா என்று தடவி, மூக்கில் அழுத்துகிறதா என்று கேட்டு, கருவிழிக்கும் கருவிழிக்கும் நடுவே அளவுகோல் பிடித்து அளக்க வேண்டும். கடை முழுக்கக் கண்ணாடிகள், தலைக்கு மேல் பகலைத் தோற்கடிக்கும் விளக்குகள்.

பின்னறையில் அவள் தள்ளுபடித் தளத்தின் ரிவியூக்களைப் படித்தாள். 'சூப்பர்', 'அசல்தான்', 'சீக்கிரம் வந்தது' என்று வரிசையாக நட்சத்திரங்கள். நடுவில் ஒருத்தி மட்டும், 'வாசனை வேற மாதிரி இருக்கு, எரியுது' என்று எழுதியிருந்தாள். குறை சொல்ல எந்த ஊரிலும் ஒரு ஆள் இருப்பாள் என்று அதைத் தள்ளிவிட்டாள். ஆசை அப்படித்தான் படிக்க வைக்கும். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மாடிமாடியாக இருட்டுக் குழிக்குள் தொங்கிச் சம்பாதிக்கிறவர். அவர் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. கேட்காத மனிதரின் காசில் முகத்தை மூட இவ்வளவா என்று அவளே அவளைக் கேட்டுக்கொள்வாள். இந்தத் தடவையாவது மிச்சம் பிடிப்போம் என்று நினைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

பார்சல் வந்தது. பெட்டி நசுங்கவே இல்லை, அதுவே அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மூடியைத் திறந்ததும் புதுச் செருப்பு வாசனை. நிறம் ஒரு இழை மஞ்சள் பக்கம் சாய்ந்திருந்தது. காலியான பழைய டப்பாவை எடுத்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். பழையதன் அடியில் எண்கள் தகரத்திலேயே குத்தியிருந்தன. புதியதன் அடி வழவழவென்று இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பழைய டப்பா வழித்தெடுத்த சட்டியாகக் கிடந்தது, காலையில் கடை திறந்தாக வேண்டும். பழைய கடையில் புதிதாக ஆர்டர் போட்டாள். வந்து சேரும்வரை மெல்லிசாகப் பூசிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி மஞ்சளா இருக்கு? உடம்பு சரியில்லையா?" என்று பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார் சோடாபுட்டி. கடலையுருண்டை மாதிரி கண்கள் தெரியும் கனமான கண்ணாடிக்காரர். ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்துவிட்டுத் தான் தடவிக்கொண்டு நடப்பவர் என்று முதலாளி கேலி செய்வார்.

"தூக்கம் இல்லண்ணே, அதான்" என்றாள். அவருக்கே தெரிகிறதென்றால் மற்றவர்களுக்கு? அன்று முழுக்க ஒவ்வொரு கண்ணாடியையும் கடக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

ஆர்டர் தாமதமாகும் என்று செய்தி வந்த நாளில் அரிப்பு தொடங்கியது. முதலில் இமைக்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு வாயோரம். ஒரு இளைஞனுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது எரிச்சல் ஊசியாக ஏறியது. கை தானாக எழுந்தது, பாதியில் நிறுத்தினாள். சொறிந்தால் பூச்சு கலையும் என்பது சின்ன பயம். பெரிய பயம் வேறு. முதன்முதலில் பார்த்த தோல் டாக்டர் சொல்லியிருந்தார், "அடிபட்ட எடம், சுட்ட எடம், சொறிஞ்சு புண்ணான எடம், அங்கல்லாம் புதுசா வெள்ளை வரலாம். தோலை நோகாம பாத்துக்கங்க." அப்படியென்றால் மறைக்கப் பூசியதே பரப்பிவிடுமா? நெற்றிக்கு, கன்னத்துக்கு, கழுத்துக்கு? எந்த டப்பா போதும் அப்புறம்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதற்கு முதல் வகுப்பு படிக்கும் குட்டி என்று பெயர். மகளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி நிறுத்தி, காதுக்குப் பின்னால், முழங்கையில், விரல் இடுக்குகளில் தேடுவாள். சோப்பு நுரை ஒட்டியிருந்தால்கூட வழித்துவிட்டு மறுபடி பார்ப்பாள். "புள்ளைய குளிப்பாட்டுறியா, சோதனை போடுறியா?" என்று புருஷன் சிரிப்பார். அவள் சிரித்ததில்லை.

விடுமுறை நாள் காலை. மூவரும் கடைத்தெருவுக்குப் போவதாக இருந்தார்கள். அவள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டுக் கீழே வந்தாள். புருஷன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் சத்தமே இல்லை. பிள்ளை கத்தினால் பயமில்லை, சத்தமில்லாமல் இருந்தால்தான் ஏதோ வினை. படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

குட்டி முக்காலி போட்டு நிலைக்கண்ணாடி முன்னால் ஏறி நின்றிருந்தது. டப்பா திறந்து கிடந்தது. நெற்றி, கன்னம், மூக்கு, இமை, உதடு என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் அப்பியிருந்தது. மஞ்சள் களிமண் பொம்மைக்கு இரண்டு கண்கள் வைத்த மாதிரி.

கத்தினாளா, என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். குழாயைத் திறந்து, கையால் வழித்து, துண்டால் தேய்த்து, சோப்புப் போட்டு, மறுபடி தேய்த்தாள். பூச்சு போகப்போக அடியில் சிவப்பு எழும்பியது. பிள்ளை வீரிட்டு அழுதது. தேய்க்கிற கை சட்டென்று நின்றுபோனது. தோலை நோகாம பாத்துக்கங்க. தானே நோகடிக்கிறோமே என்று துண்டைக் கீழே போட்டாள். துடைக்காமல் விட்டாலும் பயம், துடைத்தாலும் பயம். ஈரக் கையோடு பிள்ளையின் முகத்தைத் தொடாமல் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குடி அத எடுத்த?"

குட்டி விக்கி விக்கிச் சொன்னது. "வெளிய போறோம்ல... வெளிய போனா மூஞ்சிய மூடணும்ல. நீ மூடாம வர மாட்டல்லம்மா."

அழுகை கேட்டுப் புருஷன் வந்து நிலைப்படியில் நின்றார். "என்ன ஆச்சு?"

"அது நல்ல டப்பா இல்லைங்க" என்றாள். "போலி. வெல கம்மின்னு வேற எடத்துல வாங்கிட்டேன். எனக்கு அரிக்குது. தெரிஞ்சேதான் பூசிட்டிருந்தேன். வீட்டுலயும் வச்சிருந்தேன்."

அவர் திட்டினால் நன்றாக இருக்கும்போல் அவளுக்கு இருந்தது. "கெளம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

விடுமுறையிலும் திறந்திருந்த ஒரு தோல் மருத்துவமனையைக் கண்டுபிடித்துப் போனார்கள். காத்திருக்கும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோது, புருஷன் சுவரைப் பார்த்தபடியே தணிந்த குரலில் பேசினார். "வெல ஜாஸ்தின்னு நான் லிஃப்ட்டுக்குப் பழைய கயிறு வாங்கி மாட்டினா, அதுல நீ ஏறுவியா?"

"மாட்டேன்."

"உன் மூஞ்சி மட்டும் எளக்காரமா போச்சா உனக்கு?"

குட்டியின் கன்னச் சிவப்பு கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தது.

டாக்டர் வயதில் இவளைவிடச் சின்னவள். குட்டியின் முகத்தை விளக்கின் கீழே திருப்பிப் பார்த்து, இமையை மெல்ல விரித்துப் பார்த்தாள். "கண்ணுக்குள்ள போகல. சிவப்பு பாதி நீங்க தேச்சதுனால வந்தது. ஒரு மருந்து தரேன், அடங்கிடும்" என்றாள். இவள் மூச்சு விட்டாள். விட்டு முடிக்கும் முன் டாக்டர், "இப்ப நீங்க. அந்தப் பக்கம் தண்ணி இருக்கு, கழுவிட்டு வாங்க" என்றாள்.

வெளி மனுஷி முன்னால் முகம் கழுவி எத்தனையோ காலமாகிவிட்டது. தொட்டியில் மஞ்சள் தண்ணீர் வட்டமடித்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது புடவை இல்லாமல் உட்கார்ந்த மாதிரி கூசியது. திட்டுகளின் ஓரமெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது.

"இந்தத் தோலு இப்ப ரொம்பக் கோவமா இருக்கு" என்றாள் டாக்டர். "நான் சொல்ற வரைக்கும் இது மேல எதுவும் பூசக் கூடாது. நல்ல கம்பெனிதும் கூடாது."

"பரவுமா டாக்டர்?"

"இப்ப சொல்ல முடியாது. ஆறட்டும், பாக்கலாம்."

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பயந்துதான் அவள் இத்தனை வருடம் மறுபடி எந்த டாக்டரிடமும் போகாமல் இருந்தாள். "இவளுக்கும் வருமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "வரலாம். அம்மாவுக்கு இருந்து பிள்ளைக்கு வராதவங்கதான் அதிகம். ஆனா வரவே வராதுன்னு சொல்லி அனுப்ப மாட்டேன்."

இரண்டு நாள் கழித்து அசல் டப்பா வந்து சேர்ந்தது. சீல் இறுக்கமாக, அடியில் எண்கள் குத்தி, சுத்தமாக. பிரிக்காமல் பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினாள். அதுவரை எடுத்திருந்த லீவை நீட்டக் கேட்டுப் பார்த்தாள். ஆள் இல்லை, நாளைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தின் இடது பக்கத்தை வெளியே காட்டி வந்தாள். வெளியே இருப்பவர்கள் கடந்து போய்விடுவார்கள், உள்ளே இருப்பவர்கள்தான் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எதிரே பஸ் வந்து நின்றால் அங்கேயும் ஜன்னல்கள் இருந்தன. கடை வாசலுக்கு வந்து சேர்ந்தாள். இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று நின்றாள். உள்ளே விளக்குகள் எல்லாம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன.

சோடாபுட்டிதான் முதலில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வலிக்குமாம்மா இது?"

"வலிக்காதுண்ணே."

"ம்" என்றார். வேறு ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் பட்டறைக்குள் போய்விட்டார். லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் சீறத் தொடங்கியது. அவர் போனது நல்லதுக்கா கெட்டதுக்கா, முதலாளி வந்ததும் போய்ச் சொல்வாரா என்று அவளால் கணிக்க முடியவில்லை.

கதவு திறந்தது. வயதான ஒரு அம்மாள், ஒரு கையால் ஷோகேஸ் விளிம்பைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தாள். கண்ணாடி உடைந்து, புதியது செய்யக் கொடுத்திருந்தவள். நல்ல கனமான பவர். அது இல்லாமல் எதிரே இருப்பது ஆளா தூணா என்று தெரியாது. "யாரும்மா இருக்கீங்க? என் கண்ணாடி ரெடியாச்சா?" என்று விளக்கைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆயிடுச்சும்மா, இப்படி உக்காருங்க."

கூப்பிட்டால் சோடாபுட்டி வந்து மாட்டிவிடுவார். இயந்திரச் சத்தத்தில் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். அந்த அம்மாள் முகத்தை நிமிர்த்தி, பிள்ளை மாதிரி காத்துக்கொண்டிருந்தாள்.

அவள் குனிந்தாள். கண்ணாடியின் இரண்டு காம்புகளையும் நரைமுடிக்குள் நுழைத்துக் காதுகளின் மேல் உட்கார வைத்தாள். விரல்கள் அங்கேயே நின்றன. லென்ஸுக்குப் பின்னால் அந்தப் பழுப்பு நிறக் கண்கள் தண்ணீரில் மிதப்பவைபோல் அலைந்து, விளக்கைப் பிடித்தன, அலமாரியில் அடுக்கிய ஃபிரேம்களைப் பிடித்தன, பிறகு அரை முழ தூரத்தில் இருந்த அவள் முகத்துக்கு வந்து, சிறுகச் சிறுகக் கூர்மையாகின.