இடைவேளைக்குப் பின் தூங்குபவர்

பழைய தியேட்டரில் வெள்ளிக்கிழமை மாலைக் காட்சிக்கு எந்தப் படம் போட்டாலும், இடைவேளைக்குப் பிறகு திரையில் ஓடுவது பல்செட்காரரின் கனவுதான். முதல் பாதி மற்ற ஊர்களில் ஓடுவதேதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் அவர் தூங்கிப்போவார். தூக்கத்தில் அவர் எதைக் காண்கிறாரோ அதைத்தான் அரங்கத்தில் உள்ள எல்லோரும் காண்பார்கள். அவர் விழித்ததும் படம் முடியும். ஒருமுறை காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இது தொடங்கியது ஏசியால். அதற்கு முன் அந்தத் தியேட்டர் அடுப்புக்குள் நாற்காலி போட்டதுபோல் இருக்கும், கும்பகர்ணனைக் கொண்டுவந்து உட்காரவைத்தாலும் தூங்கியிருக்க மாட்டான். முதலாளி எங்கிருந்தோ ஒரு பழைய ஏசி வாங்கிப் போட்டார். அது யார் கைக்கும் ஓடாமல், கடைசியில் சந்தைத் தெருவில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த ஏசிக்காரர் கைபட்டுத்தான் ஓடியது. சத்தம் ஏதாவது வருகிறதா என்று கேட்க அவர் முதல் காட்சிக்கு அரங்கத்தின் நடுவில் போய் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் பல்செட்காரர். பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறையில் விடியற்காலையிலிருந்து மெழுகை உருக்கிப் பல்லைப் பதித்து, கடித்துப் பார்த்து, ராவிப் பளபளப்பாக்கும் வேலை அவருக்கு. உடம்பில் அலுப்பு எப்போதும் ஒரு மூட்டை இருக்கும். முதல் பாதிவரை தாக்குப்பிடித்தார், இடைவேளைக்குப் பின் குளிர் காற்றில் கண் இழுத்துக்கொண்டு போய்விட்டது. முன்பின் தெரியாத மனிதரின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஏசியில் ஒரு திருகு லொடலொடவென்று ஆடும் சத்தம் ஏசிக்காரர் காதில் விழுந்தது. எழுந்து போய் முடுக்க வேண்டியவர், தோளை அசைக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு ஓடியது பழிவாங்கும் படம். முதல் பாதியில் போலீஸ்காரக் கதாநாயகனின் அப்பாவைச் சுட்டுவிட்டார்கள். இரண்டாம் பாதியில் அந்த அப்பா எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். கதாநாயகனும் அவன் கூட்டாளியும் வேலையை விட்டுவிட்டு ஒரு சைக்கிள் கடை திறந்தார்கள். கதாநாயகி கப்பலுக்குக் கேப்டன் ஆனாள். வில்லன் பல்வலி தாங்காமல் வாயைத் திறந்துகொண்டு ஒரு நாற்காலியில் கிடந்தான், அவன் கடைவாய்ப் பல்லை ரொம்ப நேரம் கிட்டத்தில் காட்டினார்கள். மாலையில் சைக்கிள் கடையைச் சாத்திவிட்டுக் கூட்டாளிகள் இருவரும் ஒரே குடையில் வீட்டுக்கு நடந்து போனார்கள், அத்தோடு படம் முடிந்தது.

முதல் வாரம் ஜனங்கள் ஆபரேட்டர் அறைக் கதவை உடைக்கப் போனார்கள். அவர் பாவம், தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். சில வாரங்களில் காரணம் தெரிந்துபோயிற்று, ஏனென்றால் பல்செட்காரர் தும்மினால் திரையும் குலுங்கியது. அப்புறம் பழகிவிட்டது. துக்கம் நடந்த வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த இரண்டாம் பாதிதான் பிடித்தது, அதில் யாருமே சாவதில்லை. ஒரு படத் தயாரிப்பாளர் வெளியூரிலிருந்து வந்து பார்த்து, விக்கி விக்கி அழுது, எனக்குக் கதை எழுதிக் கொடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டார். பல்செட்காரரும் பேனாவைப் பிடித்து உட்கார்ந்து பார்த்தார். விழித்திருக்கும்போது அவருக்குப் பல்லைத் தவிர ஒரு கற்பனையும் வரவில்லை.

கதை எதுவானாலும் கடைசியில் இரண்டு ஆண்கள் ஒரே வீட்டுக்கு நடந்து போவார்கள், அவர்களில் ஒருவன் சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். இதற்கு மேல் ஊருக்கு யார் வந்து விளக்க வேண்டும்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள்தான். ஆனால் பேசியவர்களில் பாதிப் பேர் வாயில் அவர் செய்த பல்தான் இருந்தது, ரொம்பவும் கடிக்க முடியவில்லை. நாளடைவில் பேச்சு ஓய்ந்தது. கல்யாணப் பத்திரிகைகளில் இருவர் பெயரையும் ஒன்றாகவே எழுதிக் கொடுத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர், பல்செட்காரரின் அம்மா.

அம்மாவுக்குச் சினிமா என்றால் உயிர். ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. மகனுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து முதல் பாதியைக் கண் கொட்டாமல் பார்ப்பார். இடைவேளை மணி அடித்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். வாசலில் டீ விற்கிற அம்மா கேட்டால், "எனக்கு முதல் பாதி போதும்மா, கண்ணு வலிக்குது" என்பார். இப்படி வருஷக்கணக்கில் ஒரு படத்தின் முடிவையும் அவர் பார்த்ததில்லை. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், சொத்து யாருக்குப் போயிற்று, ஒன்றும் தெரியாது. வீட்டில் காய் நறுக்கும்போது தானாக ஒரு முடிவைச் சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏசிக்காரர் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவர் உள்ளே நுழையும்போதே அம்மா, "வாங்க தம்பி, நல்ல வேளை வந்தீங்க, ஏசியில என்னமோ சத்தம் வருது பாருங்க" என்பார். ஒரு சத்தமும் வராது. ஏசிக்காரர் மறுபேச்சுப் பேசாமல் முக்காலி போட்டு ஏறி, மூடியைக் கழற்றி, வடிகட்டியைத் தட்டி, அந்தத் தூசியில் கொஞ்சம் இருமி, மறுபடி மாட்டுவார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. சாப்பிட உட்காரும்போதும், "நீங்க கூச்சப்படாம சாப்பிடுங்க தம்பி, வேலை செஞ்ச களைப்பு இருக்கும்" என்று வெளியாளுக்குச் சொல்வதுபோலவே சொல்வார். இத்தனை வருஷமும் வாரந்தோறும் பழுது பார்க்கப்பட்ட அந்த ஏசியைப்போல ஆரோக்கியமான ஏசி இந்த ஊரிலேயே கிடையாது.

ஏசிக்காரருக்கு ஓர் ஆசை இருந்தது. வாழ்நாள் முழுக்கக் குளிரை உண்டாக்கியவர் பனி விழுந்து பார்த்ததில்லை. மோட்டார் இல்லாமல், கேஸ் அடைக்காமல், தானாகவே வானத்திலிருந்து குளிர் இறங்குமாமே, அதை ஒருதரம் பக்கத்தில் பல்செட்காரரை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். மலை ஊருக்குப் போக முதல்முறை டிக்கெட் எடுத்தபோது, கிளம்புகிற அன்று காலையில் அம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இந்த முழங்காலோடு பந்தயத்தில் ஓடலாம் என்றார். அடுத்த முறை தலைசுற்றல் வந்தது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததும் அது நின்றுவிட்டது. அதற்கப்புறம் இருவரும் பயணத்தைப் பற்றிப் பேசுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். பேசுவது மட்டும் குறையவில்லை, எந்த ரயில், எந்தப் பக்கத்து ஜன்னல், எத்தனை சாக்ஸ் என்று ஒரு டீக்கு ஒரு பயணம் போய் வந்தார்கள்.

பிறகு மலை ஊரில் ஆப்பிள் சேமிக்கும் குளிர்க்கிடங்கிலிருந்து ஏசிக்காரருக்கு வேலை வந்தது. வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏசியை மாட்டி முடித்துக் கை கழுவும்போது, பல்செட்காரரிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

"இந்தத் தடவை நான் போறேன். நீயும் வந்தா பனியைப் பாத்துட்டுத் திரும்பிடலாம். நீ வரலன்னா அங்கயே இருந்துடுவேன்னு தோணுதுப்பா. எனக்கும் வயசாகுது. இந்த நல்லா இருக்கிற ஏசியை நான் இன்னும் எத்தனை நாளைக்குக் கழட்டி மாட்டுறது?"

அந்த வெள்ளிக்கிழமை இரண்டாம் பாதியில் ஒரு காலி அறை வந்தது. சுவரில் ஒரு ஏசி ஓடிக்கொண்டிருந்தது, கீழே ஒரு முக்காலி. ஆள் யாரும் வரவில்லை. கடைசிவரை அதுதான் படம். அடுத்த வெள்ளியும் அதே அறை, அதற்கடுத்த வெள்ளி முக்காலியும் இல்லை. யாரும் விசில் அடிக்கவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை. வாயில் பாப்கார்னைப் போட்டு மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். தியேட்டர் முதலாளி நேரே அம்மாவிடம் போனார்.

"அம்மா, நான் வியாபாரத்துக்காகச் சொல்லல. ஒரே ஒரு தடவை ரெண்டாம் பாதி உக்காந்து பாருங்க. உங்க பிள்ளை மனசு எப்படிக் கிடக்குன்னு தெரியும்."

"எனக்குக் கண்ணு வலிக்குதுப்பா" என்றார் அம்மா.

ஆனால் வெள்ளம் தலைக்கு மேலே போய்விட்டது, இனிச் சாண் என்ன, முழம் என்ன? பல்செட்காரர் சாப்பாட்டு மேஜையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, பயத்தில் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, நானும் அவரும் திங்கக்கிழமை மலைக்குப் போறோம். உனக்கு முழங்கால் வலிச்சா டாக்டர் வீட்டுக்கு வருவார், சொல்லி வெச்சிருக்கேன். இன்னொண்ணு. அவர் நம்ம வீட்டுக்கு ஏசி ரிப்பேர் பண்ண வரலம்மா. எனக்காக வர்றார். நானும் அவருக்காகத்தான் ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு பாத்துட்டு இருக்கேன்." நாற்பத்தைந்து வயதுவரை சொல்லாததை அவர் அன்றைக்கு ஒரே மூச்சில் சொன்னார். அம்மா வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டார். மகன் செய்துகொடுத்த பல், அதை வைத்துக்கொண்டு மகனோடு பேச அவருக்கு விருப்பமில்லை. அந்த வீட்டில் பேச்சுவார்த்தை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். திங்கட்கிழமை காலை அம்மாவின் காலைத் தொட்டுவிட்டு மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அம்மாவுக்கு முழங்கால் வலிக்கவில்லை, தலையும் சுற்றவில்லை. மகன் தெருமுனை திரும்பும்வரை அம்மா ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார், அதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தியேட்டரில் கூட்டம் நெரிந்தது. பல்செட்காரர் ஊரில் இல்லை, ஆகவே இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு படத்தின் சொந்த இரண்டாம் பாதியைப் பார்க்கப் போகிறோம் என்று ஜனங்களுக்கு ஒரே பரபரப்பு. அம்மாவும் வந்தார். இடைவேளை மணி அடித்தது, அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கணக்கு அவருக்கு. மகன் இல்லாத ஊரில் மகன் கனவு எப்படி வரும்? இன்றைக்காவது ஒரு படம் எப்படி முடிகிறது என்று பார்த்துவிடலாம். டீக்கார அம்மாவிடம் ஒரு டீகூட வாங்கி வைத்துக்கொண்டு காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. திரையில் பனி விழுந்தது.

தூக்கத்துக்கு ஊர் எல்லை தெரியாது என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. மலை ஊர் விடுதியில் பல்செட்காரர் அந்த நேரம் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். திரையில் தெரிந்தது கனவா, அங்கே அன்று பகலில் நடந்ததா என்று இந்த ஊரில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு சரிவு, கீழே மரங்கள். மகனும் ஏசிக்காரரும் இருவருக்கும் பழக்கமில்லாத பூட்ஸில் தத்தித் தத்தி நடந்து வந்தார்கள். ஏசிக்காரர் கையை நீட்டிப் பனியை வாங்கிப் பார்த்தார், வானத்தை அண்ணாந்து பார்த்துக் காது கொடுத்தார். "சத்தமே இல்லப்பா!" என்றார். சொல்லிவிட்டு ஒரு குழந்தை மாதிரி சிரித்தார். பல்செட்காரர் பனியைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை சந்தோஷமாக மகன் முகத்தை அம்மா பார்த்ததே இல்லை. எழுந்து போய்விடத்தான் நினைத்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் அடைசலாக உட்கார்ந்திருந்தார்கள், கையில் டீ வேறு. கைப்பையைத் தேடுவதுபோல் தேடினார். கண் மட்டும் திரையை விட்டு இறங்கவில்லை.

காற்று பலமாக வீசத் தொடங்கியது. பல்செட்காரருக்கு உடம்பு நடுங்கியது. உடனே ஏசிக்காரர் தன் கழுத்தில் இருந்த மஃப்ளரைக் கழற்றி அவர் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார். தன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வாயைப் பொத்தி இருமினார். ஒருதரம், மறுபடி ஒருதரம்.

அம்மா எழுந்துவிட்டார். டீ கொட்டியது.

"டேய், அதை எதுக்குடா கழட்டுன? அவன் கல்லு மாதிரி, அவனுக்கு ஒண்ணும் ஆகாது. உனக்குத்தான் நெஞ்சு ஆகாதே! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த இருமலை நான் கேட்டுட்டுத்தானே இருக்கேன். போடு முதல்ல. போடுடா!"

திரையில் ஏசிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். யார் கூப்பிட்டது என்று பனிக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு, பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வதுபோல், பல்செட்காரர் கழுத்திலிருந்து மஃப்ளரை வாங்கித் தன் கழுத்தில் இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டார்.

"அம்மா, மறைக்குது, உக்காருங்க" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். அம்மா உட்கார்ந்தார், படம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.