ஈரக் கழிவு

1957ஆம் ஆண்டு வைகாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நோர்வூட் பஜாரில் சிவசாமியின் வாடகைக் காரில் ஆறு பெண்கள் ஏறி உட்கார்ந்ததும் அதன் இடது பின்பக்கம் தாழவில்லை. மூன்று அங்குலம் உயர்ந்தது. அன்று சீனி விலையில் மாற்றமில்லை.

கார் 1934ஆம் வருடத்து ஆஸ்டின். இடது பக்கம் நொண்டும். "அடுத்த திங்கள் ஆளேத்தி அளந்து பாப்பேன், ஒரு பக்கம் சரிஞ்சா வாடகை ஓட்டுற அனுமதி போச்சு" என்று ஹட்டன் பரிசோதகர் சொல்லியிருந்தார். அனுமதி போனால் சிவசாமி மறுபடி லொறியில் மூட்டை ஏற்றப் போக வேண்டும். அவர் கினிகத்தேனைப் பழைய இரும்புக் கடையில் ஒரு பட்டை ஸ்பிரிங்கைத் தேடிப் பிடித்து, ஆண்டியப்பனிடம் கொண்டுவந்தார்.

ஆண்டியப்பன் பத்தொன்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து கொழுந்து நிறுத்தவர். துரையின் காரைத் துடைக்கும் சாக்கில் மோட்டார் வேலை பழகி, பிறகு பஜாரில் பட்டறை போட்டார். ஒரு அங்குலம் தாழ எத்தனை ராத்தல் வேண்டும், அதுதான் ஸ்பிரிங்கின் சாதகம் என்பார். இரண்டு பக்கச் சாதகமும் பொருந்தாவிட்டால் கார் குடும்பம் நடத்தாது. பட்டறையில் எடைக்கல் இல்லை. ஆகவே, கார் உயர்ந்ததற்கு முந்தின ஞாயிறு, கொழுந்து பறிக்கிற ராக்காயியையும் அவள் கூட்டாளிகள் ஐவரையும் வரவழைத்து, பழைய கொழுந்துத் தராசில் ஒவ்வொருவராகத் தொங்கவிட்டு நிறுத்தார். மொத்தம் அறுநூறு ராத்தல். வலது ஸ்பிரிங்கின் மேல் பலகை போட்டு உட்கார வைத்தார். நான்கு அங்குலம் தாழ்ந்தது. அங்குலத்துக்கு நூற்றைம்பது.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எடை மாறியிருக்கும் என்று மறுபடி நிறுத்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சேலைகள் நனைந்திருந்தன. ஆண்டியப்பனின் கை, கொழுந்து நிறுத்த பழக்கத்தில் தானாகவே, ஈரத்துக்கும் கூடைக்குமாக ஆளுக்குப் பத்து ராத்தல் கழித்து ஐந்நூற்று நாற்பது என்று எழுதியது. சோறு தின்ற ஆறு பேர் எப்படி அறுபது ராத்தல் இளைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பெண்களுக்கு அது பத்தொன்பது வருடப் பழக்கம். கினிகத்தேனை ஸ்பிரிங்கும் நான்கு அங்குலமே தாழ்ந்தது. கணக்குப்படி அங்குலத்துக்கு நூற்று முப்பத்தைந்து. "இளைச்ச ஸ்பிரிங்கு" என்று அதில் ஒரு பட்டை கூட்டிப் பூட்டினார்.

பெண்கள் ஏறியதும் கார் உயர்ந்தது அதற்குப் பிறகுதான். கூட்டிய பட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். அப்போதும் உயர்ந்தது. கடைக்காரர்கள் ஏறினால் ஒழுங்காகத் தாழ்ந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் ஏறினால் மட்டும் மிதந்தது. சிவசாமியின் காரில் ஏறுகிற சனமெல்லாம் தோட்டத்துச் சனம். பரிசோதனை மறுநாள்.

சிவசாமி தலையில் கை வைத்துப் பட்டறைப் படிக்கட்டில் உட்கார்ந்தார். மறுபடி ஏறியிருந்த ராக்காயி காரை விட்டு இறங்காமலே குறிப்புக் கொப்பியை வாங்கி, எண்களை மட்டும் வாசிக்கத் தெரிந்தவளானதால், எண்களை மட்டும் வாசித்தாள்.

"கணக்கப்பிள்ளையய்யா, கொழுந்துக்குத்தான் ஈரம் கழிச்சீங்க. எங்களுக்குமா? நாங்க என்ன கூடையோடயா பொறந்தோம்?"

"பழக்கதோசம் ஆத்தா."

"ஒங்களுக்குப் பழக்கம். ஸ்பிரிங்குக்குப் புதுசுல்ல? வாங்குன பாரத்த இல்லன்னு எழுதுனா அது எங்க போயி சொல்லும்?"

ஆண்டியப்பன் இடது ஸ்பிரிங்கைக் கழற்றி, அன்றும் விழுந்த தூறலிலேயே ஆறு பேரையும் மறுபடி நிறுத்தார். ஒவ்வொரு எடையையும் பஜார் முழுக்கக் கேட்கும்படி, கழிக்காமல், கூவினார். இரண்டு தடவை நாக்கு பழைய வழியில் சறுக்கியது. இரண்டு தடவையும் ராக்காயி கனைத்தாள். மொத்தம் அறுநூறு, தாழ்வு நான்கு அங்குலம். கொப்பியை மூடப் போனவரை அவள் விடவில்லை.

"அந்தப் பத்தொன்பது வருசம்?"

 அவர் ஸ்பிரிங்கைப் பார்த்து, "கழிச்சது தப்புத்தான்" என்றார்.

"ஸ்பிரிங்கு கொழுந்து பறிக்கலீங்கய்யா. நாங்கதான் பறிச்சோம்."

அவர் திரும்பி, ஆறு பேரையும் பார்த்து, இன்னொரு தடவை சொன்னார். பலகைக்கு அடியில் இரும்பு ஒரு முறை முனகி அடங்கியது.

திங்கட்கிழமை ஹட்டனில் பரிசோதகர் ஆறு பெண்களையும் ஏற்றி அடிக்கோலால் இரண்டு பக்கமும் அளந்தார். இரண்டும் ஒன்று. முத்திரை குத்தினார். பெண்கள் வந்ததுதான் வந்தோம் என்று வளையல் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

ஸ்பிரிங் மட்டும் ஒரு குணத்தை விடவில்லை. அடுத்த ஆண்டு, தோட்டத்தின் புதுக் கணக்கப்பிள்ளை பொன்னையா தனியாக ஏறியபோது இடது பக்கம் மட்கார்ட் டயரில் உரசும்வரை தாழ்ந்தது. "ஐயா இப்ப எத்தன ராத்தல் கழிக்கிறீங்க?" என்று சிவசாமி மரியாதையாகக் கேட்டார். பொன்னையா இறங்கி நடந்தார். ஏழு மைல். அந்த மாதமே தோட்டத்தில் பத்து ராத்தலாக இருந்த கழிவு எட்டாகியது, மறு வருடம் ஐந்து, பிறகு இரண்டு. நடக்கிற கால் எத்தனை நாள் பொறுக்கும்? 1963இல் ஒரு மழை நாளில் பொன்னையா மறுபடி கார்க் கதவைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சிவசாமி இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து அடிக்கோலை எடுத்து இரண்டு பக்கமும் அளந்தார். சரியாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு ஹட்டன் பாதையில் காரை விட்டார்.